நண்டு வாங்கிய பத்துக்குப் பத்து

என் சித்தியை அவள் வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேலே இருப்பவர்களுக்கு நண்டு, வயதில் குறைந்தவர்களுக்கு நண்டக்கா. அவள் பிழைப்பு இரண்டு இடுக்கிகளில் ஓடுகிறது, அதனால்.

ஆஸ்பத்திரிகளுக்குக் கதிர்வீச்சு மருந்து தயாரிக்கும் கூடம் அது. மருந்து இருக்கும் அறைக்குள் ஆள் போகக் கூடாது. சுவருக்கு வெளியே நின்று, ஒரு முழத்துக்கு மேல் தடித்த ஈயக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்து அசைக்க வேண்டும். வெளியே நம் கை என்ன செய்கிறதோ அதையே உள்ளே இரண்டு இயந்திரக் கைகள் செய்யும். விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் அவற்றுக்கு இடுக்கி. அந்த இடுக்கியால் கட்டைவிரல் உயரக் குப்பியைத் தூக்கி, மூடியைத் திருகி, மருந்தை உறிஞ்சி, இன்னொரு குப்பியில் விட்டு, மறுபடி மூட வேண்டும். இதைச் செய்கிறவர்களுக்கு அங்கே கைக்காரர்கள் என்று பெயர். மொத்தம் எட்டுப் பேர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நானும் தண்ணீர்க் குப்பி ஒன்றை வைத்து முயன்று பார்த்தேன். குப்பிக்கு நாலு விரற்கடை முன்னாலேயே இடுக்கியை இறுக்கி மூடிவிட்டேன்.

“நல்லா புடிச்சிருக்கடி. காத்து தப்பிச்சுடாம பாத்துக்கோ” என்றாள் சித்தி.

அவள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பெட்டி அடுக்கும் பிரிவில் சேர்ந்து, பதினோரு வருஷத்துக்கு முன் கைக்காரியானாள். அந்தப் பதினோரு வருஷத்தில் அவள் கையில் ஒரு குப்பி கவிழ்ந்ததில்லை. பார்ப்பதற்கு ஒரே ஒரு விசித்திரம் உண்டு. எந்தக் குப்பியைப் பிடிக்கும் முன்னும் இடுக்கி முனையால் அதன் தோளில் மெல்ல ஒரு தட்டுத் தட்டுவாள். ‘வரட்டுமா’ என்று கேட்பது போல இருக்கும்.

மற்ற ஏழு பேரும் இதைக் கவனித்திருந்தார்கள். ஒரு குப்பிகூடக் கவிழ்க்காதவள் தட்டுகிறாள் என்றால் சும்மாவா தட்டுவாள்? ஒவ்வொருவராகத் தட்ட ஆரம்பித்தார்கள். எதற்கென்று தெரியாமல் தட்டியதில் தட்டிய தட்டிலேயே இரண்டு குப்பிகள் சாய்ந்தன. சித்தியிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள்.

“பக்தி பத்தல” என்று சொல்லியிருக்கிறாள். ஒருவர் அன்றிலிருந்து இரண்டு முறை தட்டத் தொடங்கினார்.

நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதே கூடத்தில் பாதுகாப்புப் பிரிவில் வேலை கிடைத்து, சித்தி வீட்டின் முன்னறையில் கட்டிலும் போடப்பட்டது. சேர்ந்த மூன்றாம் வாரம் கைக்காரர்களின் வருடாந்திரக் கண் சோதனை என் தலையில் விழுந்தது. அதுவரை நடத்திவந்த நர்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு புத்தகம், ஒரு கறுப்புக் கண்ணாடி, ஒரு விடைத்தாள், இவ்வளவுதான் அவர் விட்டுச் சென்ற சொத்து.

இரண்டு கண்ணுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருப்பதால் ஒரே பொருளை ஒவ்வொரு கண்ணும் கொஞ்சம் வேறு கோணத்தில் பார்க்கிறது. இரண்டு படத்தையும் மூளை ஒட்டிப் பார்த்து எது கிட்டே, எது எட்டே என்று கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குச் சரியாக நடக்கிறதா என்று பார்க்கத்தான் சோதனை. பக்கத்துக்கு நாலு வட்டங்கள் இருக்கும்: மேலே, கீழே, இடது, வலது. கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் அதில் ஒன்று மட்டும் தாளைவிட்டு எழும்பி நிற்கும். எது என்று சொல்ல வேண்டும். பத்துப் பக்கம், பத்து மதிப்பெண். ஏழுக்குக் கீழே போனால் இயந்திரக் கையைத் தொடக் கூடாது, பெட்டி அடுக்கப் போக வேண்டும். இதைக் கூடத்தின் தலைவர் விதியாக எழுதி முத்திரை குத்தியிருந்தார். எதற்கும் முத்திரை குத்துவதால் அவருக்கே முத்திரை என்றுதான் பெயர்.

சோதனைக்கு முதல் ஆளாக வந்தவள் சித்தி.

நான் பதற்றத்தில் இருந்தேன். பட்டம் வாங்கியபின் நான் அதிகாரத்தோடு செய்யும் முதல் காரியம், அதுவும் என் துணியைத் துவைத்துப் போடுகிறவள் மேல். புத்தகத்தை மேசையில் விரித்தேன். சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

“கீழே. இடது. கீழே. மேலே. சாயங்காலம் வரும்போது சோப்பு வாங்கிட்டு வா. மேலே. இடது. வலது. நீலக் கலர் வேண்டாம், கை அரிக்குது. இடது. மேலே. வலது. போகலாமா?”

விடைத்தாளோடு ஒப்பிட்டேன். பத்துக்குப் பத்து. பெருமையாக இருந்தது. பெரிய எழுத்தில் எழுதினேன்.

அடுத்து வந்தவர் கழுகு. முப்பத்தைந்து வயசு, கூடத்திலேயே வேகமான கை, பார்வை கூர்மை என்று அவரே சொல்லிச் சொல்லி வாங்கிய பட்டப்பெயர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தவர் நிமிர்ந்தார்.

“ஏம்மா, புத்தகம் எனக்கா, உனக்கா?”

பார்த்தேன். நான் படிப்பதற்கு வசதியாக என் பக்கம் பார்த்து விரித்து வைத்திருந்தேன். எதிரே இருப்பவருக்கு அது தலைகீழ். மேல் இருப்பது கீழ், இடது இருப்பது வலது. கழுகு ஒரு நிமிஷம் சிரித்தார். “படிச்ச பிள்ளை!” என்று மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்புறம் அவர் பார்வை மதிப்பெண் தாளில் சித்தியின் பெயருக்கு நேரே இருந்த பத்தின் மேல் விழுந்தது. சிரிப்பு மெல்ல நின்றது.

“நண்டக்கா வந்தப்பவும் புத்தகம் இப்படியேதான் இருந்துச்சா?”

நான் அவசரமாகப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினேன். பதிலை முகம் சொல்லியிருக்கும்.

தலைகீழ்ப் புத்தகத்தில் நேர்ப் புத்தகத்தின் விடைகள். நன்றாகத் தெரிகிற கண்ணாக இருந்தால் பத்தும் தப்பாக வந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு உளறியிருந்தால்கூட இரண்டோ மூன்றோதான் பொருந்தும். பத்தும் பொருந்த வேண்டுமென்றால் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். மனப்பாடத்தைப் பற்றி எனக்குத் தெரியும். நான் பட்டம் வாங்கியதில் பாதி அதுதான்.

“நான் யார்கிட்டேயும் சொல்லமாட்டேன்பா” என்றார் கழுகு, நல்ல பிள்ளை போல. “நீயே சொல்லிடுவே. உன் முகத்துக்குப் பொய் ஒத்துவராது.”

அவருக்கும் இதில் ஒரு கண் இருந்தது. அறைகளின் ஈயக் கண்ணாடிகள் கதிர்வீச்சு பட்டுப் பழுத்து மங்கிப்போனதால் கூடத்தில் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார்கள். அதில் கண்ணாடியே கிடையாது. உள்ளே ஒரு கேமரா, வெளியே ஒரு திரை. கைகள் மட்டும் பழைய மாதிரிக் கைகள். அந்த அறைக்குத் தலைமைக் கைக்காரராக ஒருவரைப் போட வேண்டும். நண்டு அல்லது கழுகு என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சாயங்காலம் சோப்போடு வீட்டுக்குப் போனேன். சித்தப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டுகிறவர், வீட்டுக்கு வந்தால் எழுந்திருக்கமாட்டார். சித்தி அவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஜாடியின் மூக்கு டம்ளரின் விளிம்பைத் தொட்டு ‘டிங்’ என்றது. அந்தச் சத்தத்தை மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றுதான் காதில் விழுந்தது. குப்பியின் தோளில் விழும் தட்டும் இதுதான்.

“சித்தி, புத்தகம் தலைகீழா இருந்துச்சு.”

அவள் ஜாடியை வைத்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“அடிப்பாவி. பதினோரு வருஷமா அந்த நர்ஸம்மா ஒரு தடவையாவது தலைகீழா வெச்சிருப்பாங்களா? உன்னைப் படிக்க வெச்சதுக்கு எனக்கு வேணும்.”

சித்தப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கிச் சொன்னோம். சின்ன வயதில் சித்திக்கு ஒரு கண் உள்பக்கம் சாய்ந்திருந்ததாம். வளர்ந்தபின் ஆபரேஷன் செய்து நேராக்கினார்கள். ஆனால் அதற்குள் இரண்டு கண்ணும் தனித்தனியாகப் பார்த்துப் பழகிவிட்டன. இன்றுவரை ஒன்று பார்ப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. முதல் வருஷச் சோதனையில் வரிசையில் கடைசி ஆளாக நின்றிருக்கிறாள். நடுவில் ஒரு துணித் தடுப்புத்தான். அந்தப் பக்கம் ஏழு பேரும் அதே பத்து விடையை ஒருவர் பின் ஒருவராக உரக்கச் சொன்னார்கள்.

“ஏழு தடவை கேட்டா கிளிக்குக்கூட வந்துடும்” என்றாள். “வருஷா வருஷம் அதே புத்தகம். அவங்க மாத்தாதது என் தப்பா?”

சித்தப்பாவின் கவலை வேறு இடத்தில் இருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“அப்போ நாம பூப்பந்து ஆடறப்பல்லாம் நீ பந்தை விட்டது...”

“எங்க வருதுன்னே தெரியாதுங்க.”

“பத்தொன்பது வருஷமா எனக்காகத் தோத்துக் குடுக்கறேன்னு நெனச்சிட்டிருந்தேனேடி!”

“நெனச்சுக்கோங்க. இப்ப என்ன குறைஞ்சுது?”

“கல்யாணத்துக்கு முன்னாடி என்னை முதல்ல பாத்தப்போ? நான் எவ்வளவு தூரத்துல நின்னேன்னாவது தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டடி தள்ளி நிக்கச் சொல்லியிருப்பேன்.”

அவர் எழுந்து போய்விட்டார். அவர் தானாக எழுந்ததை அன்றுதான் பார்த்தேன்.

நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோது சித்தியின் சிரிப்பு வடிந்தது. ஜாடியின் கைப்பிடியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“என்ன எழுதப் போறே?”

“நடந்ததை.”

“பெட்டி அடுக்கப் போகணும்.”

“ஆமா.”

நான் அழுதிருப்பேன், அவள் விடவில்லை. “மூஞ்சியை அப்படி வெச்சுக்காதே, சோறு இறங்காது. எழுது. பொய் எழுதினா நாளைக்கு அந்தக் கழுகு உன் தலையில உக்காரும். ஆனா ஒண்ணு. கண்ணை அளந்துட்டே இல்ல? கையையும் அள. அளந்துட்டு ரெண்டையும் சேத்து எழுது.”

அந்த ராத்திரி என்னை நானே கேட்டுக்கொண்டேன்: பத்து வட்டங்களை வைத்து நான் எதை அளந்தேன்? கல்லூரியில் இதைப் பற்றி ஒரு பாடமே இருந்தது. இரண்டு கண் சேர்ந்து பார்ப்பது தூரம் அறியும் வழிகளில் ஒன்று என்று அதில் இருந்தது. ‘ஒன்று’ என்ற சொல்லைத் தாண்டி நான் படிக்கவில்லை. பரீட்சையில் வரவில்லை.

மறுநாள் முத்திரையிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் முதலில் என் மேல் கோபப்பட்டார், பிறகு நர்ஸ் மேல், பிறகு பொதுவாக. “விதியில ரெண்டே கட்டம்தான் இருக்கு. தேறினார், தேறவில்லை. நீ நடுவுல நின்னுட்டுப் பேசறே” என்றார். கையை அளக்க வேண்டும் என்று நான் நச்சரித்ததில், கடைசியில் ஒரு நாள் கொடுத்தார். பத்துத் தண்ணீர்க் குப்பிகள். ஒரு தாங்கியிலிருந்து இன்னொரு தாங்கிக்கு மாற்ற வேண்டும். முதலில் பழைய கண்ணாடி அறையில், பிறகு புதிய திரை அறையில். நண்டும் கழுகும்.

கூடமே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தது.

கண்ணாடி அறையில் கழுகு நாலு நிமிஷம் பத்து விநாடி. குப்பி ஒன்றும் சாயவில்லை. கை நேராகப் போய் நேராக நின்றது, பார்க்கவே அழகு. சித்தி நாலு நிமிஷம் முப்பத்தொன்று. ஒன்றும் சாயவில்லை, ஆனால் தோற்றாள். அவள் குப்பிக்குக் கிட்டே போனதும் தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ப்பாள், கொஞ்சம் வலப்பக்கம். தலை அசையும்போது கிட்டே இருப்பது அதிகமாக நகர்வது போலத் தெரியும், தூரத்தில் இருப்பது குறைவாக. பிறகு இடுக்கியின் நிழலைப் பார்ப்பாள். குப்பிமேல் விழும் நிழலும் இடுக்கியும் ஒன்றையொன்று நெருங்கி வரும். பிறகு தட்டு. அது கைப்பிடி வழியே உள்ளங்கைக்கு வந்து சேரும். அதெல்லாம் சேர்ந்துதான் இருபத்தொரு விநாடி.

“இருபத்தொண்ணு விநாடிதான் அக்கா” என்றார் கழுகு, ஆறுதல் சொல்கிற குரலில்.

“அதை நீயே வெச்சுக்கோ, தம்பி. பின்னால தேவைப்படும்.”

திரை அறைக்குப் போனோம். கழுகு கைப்பிடிகளைப் பிடித்து முதல் குப்பியை நோக்கிப் போனார். நேராகப் போனார், நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. முதல் குப்பி சாய்ந்தது. இரண்டாவதற்கு முன்னெச்சரிக்கையாக நின்று, ஒரு சாண் முன்னாலேயே காற்றைப் பிடித்தார். எனக்கு அவர்மேல் திடீரென்று பாசம் வந்தது. திரையில் எல்லாம் ஒரே தட்டையாக இருந்தது. அவருடைய இரண்டு நல்ல கண்களும் ஒரே படத்தைத்தான் பார்த்தன, ஒட்டிப் பார்க்க ஒன்றுமில்லை. ஒன்பது நிமிஷம், சாய்ந்தது மூன்று குப்பி. நெற்றி வியர்த்துவிட்டது.

சித்தி வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கு உலகமே இப்படித்தான்டி தெரியுது. இதுக்கா இவ்வளவு பெரிய பெட்டியில வந்து இறங்குச்சு?”

நிழல், தட்டு, பிடி. நிழல், தட்டு, பிடி. கேமரா நகராததால் தலையை ஆட்டிப் பயனில்லை என்று முதல் குப்பியிலேயே தெரிந்துகொண்டு, அதற்குப் பதில் இன்னும் ஒரு தட்டு சேர்த்துக்கொண்டாள். நாலு நிமிஷம் நாற்பது. ஒன்றும் சாயவில்லை. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். முத்திரை திரும்பி முறைத்தார்.

அப்போது கழுகு, குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சுவரிலிருந்த ஒரு ஸ்விட்சைத் தட்டினார். உள்ளே பக்கவாட்டு விளக்கு அணைந்தது. உச்சி விளக்கு மட்டும்தான் மிச்சம்.

“இன்னொரு தடவை செய்யுங்களேன் அக்கா. சும்மா.”

அவர் கண் கூர்மை என்பது பொய்யில்லை. சித்தி எப்போதும் பக்க விளக்கைப் போட்டுக்கொள்வதை அவர் மட்டும் கவனித்திருக்கிறார். சித்தி ஆரம்பித்தாள். இடுக்கியின் நிழல் குப்பியை நோக்கி வரவில்லை, நேர் கீழே தரையில் விழுந்து கிடந்தது. இரண்டாவது குப்பி சாய்ந்தது. ஐந்தாவது குப்பி சாய்ந்தது. பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அவள் கையில் குப்பி சாய்வதைப் பார்த்த கூட்டம் திரைப்பக்கம் நெருங்கியது.

“எவன்டா என் நிழலைத் திருடினது?” என்றாள் சித்தி.

சிரிப்பு வெடித்தது. எழுதிக்கொண்டிருந்த என் பேனா மட்டும் நின்றிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“இதையும் எழுதணுமா?”

“எழுதணும் சித்தி.”

“எழுது. விளக்கு அணைஞ்சிருந்துச்சுன்னு மட்டும் பெரிய எழுத்துல எழுது.”

முத்திரை என் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, தானே போய் திரைக்கு முன்னால் நின்று கைப்பிடிகளைப் பிடித்தார். அவர் கண் சோதனையில் எப்போதும் பத்து வாங்குகிறவர். குப்பியைத் தேடிப் போன இடுக்கி தாங்கியையே தள்ளிவிட்டது. பத்தும் போயின. யாரும் சிரிக்கவில்லை, அது பெரிய சாதனை. அவர் கைப்பிடியை விட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

சித்தியின் தாளில் ‘தேறவில்லை’ என்ற முத்திரையைக் குத்தினார். அதற்குக் கீழே, முத்திரை மை காய்வதற்குள், கையால் எழுதினார்: ‘இயந்திரக் கையில் தொடரலாம். புதிய அறைக்குத் தலைமை. பக்க விளக்கு எரிய வேண்டும். தட்ட அனுமதி உண்டு.’ எழுதியதன்மேல் இன்னொரு முத்திரை குத்தினார்.

“இனிமே சோதனையில கையும் உண்டு” என்றார் என்னிடம். “புத்தகத்தை யார் பக்கம் வைக்கணும்னு அதுல முதல் வரியா எழுதிடு.”

கழுகு சித்தியின் பக்கத்தில் வந்து நின்றார். “ஸ்விட்சுக்குக் கோவமாக்கா?”

“கோவமா? நீ அணைச்சதாலதான்டா எனக்கு விளக்கு எழுத்துல கிடைச்சிருக்கு. நாளையிலிருந்து என் அறையிலதான் உனக்குப் பழக்கம். வரும்போது உன் இருபத்தொண்ணு விநாடியைக் கொண்டு வா, செலவாகும்.”

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். அடுத்த திங்கட்கிழமை நான் கூடத்துக்குள் நுழைந்தேன். கைப்பிடிகளின் முன்னால் கழுகு நின்றுகொண்டிருந்தார். இடது கண்ணைக் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார். திரையில் பழகுவதற்கு அது உதவுமென்று யோசித்திருக்கிறார், அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அவரைப் பார்த்து அடுத்தவரும் கட்டியிருந்தார். அதைப் பார்த்து அதற்கடுத்தவரும். அவர்கள் இருவருக்கும் திரையே கிடையாது, பழைய கண்ணாடி அறைக்காரர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் முத்திரை உள்ளே வந்தார், வரிசையாக மூன்று கட்டுப்போட்ட தலைகளைப் பார்த்து அப்படியே நின்றார்.

“என்ன இது? கண்ணுல ஏதாவது பரவுதா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பி தட்டிய தட்டில் சாய்ந்து உருண்டது. சித்தி தன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்:

“ஒண்ணுமில்ல சார். பக்தி கொஞ்சம் அதிகமாயிடுச்சு.”